கொய்யா மரத்தில் தொங்கிய டிஸ்க்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். வட்டமாக இருக்கும், அப்பளம் இல்லை. நடுவில் ஓட்டை இருக்கும், உளுந்த வடை இல்லை. முகம் பார்க்கலாம், கண்ணாடி இல்லை. எழுதின ஆளிடம் மட்டும் வாய் திறக்கும், மற்றவர்களிடம் ஊமை. அது என்ன?

அவசரமில்லை, யோசியுங்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் ஏறியிருக்கிறோம். நாகர்கோவில் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

என் பெயர் ஞானசிகாமணி. போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் கைகாட்டி ஏறி, எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்ப்போமே, அந்த வேலை. இன்றைக்கு எனக்கு லீவு. ஆனால் கண்ணுக்கு ஏது லீவு? டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் நீலச் சட்டை ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பாருங்கள். ஐயோ, அப்படித் திரும்பிப் பார்க்காதீர்கள், பார்க்காத மாதிரிப் பாருங்கள். அவனிடம் டிக்கெட் இல்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஏறினதிலிருந்து ஜன்னலுக்கு வெளியேயே பார்க்கிறான். வெளியே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கண்டக்டர் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சார்.

இதைச் சந்தேகம் என்று என் மனைவி சொல்லுவாள். சந்தேகம் வேறு, செக்கிங் வேறு. நான் யாரையும் சந்தேகப்படுகிறவன் இல்லை. சரிபார்க்கிறவன்.

மனைவி பெயர் லில்லி புஷ்பம். நர்ஸ். இரண்டு வருஷமாக மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஜெர்லின், அஞ்சாம் கிளாஸ். அவள் என்னோடு நாகர்கோவில் வடசேரியில். காலையில் தலை பின்னி விடுவதிலிருந்து ராத்திரி கொசுவலை கட்டுவது வரை எல்லாம் நான்தான். ரெட்டைச் சடை சார், நடு வகிடு ஸ்கேல் வைத்தது போல இருக்கும். நல்லாப் பின்னுகிறீர்கள் என்று அவள் டீச்சரே சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை எங்கே வளர வேண்டும், என்னோடா அவள் அம்மாவோடா என்பதுதான் விஷயம். அது ஒரு டிஸ்க்கில் போய் மாட்டிக்கொண்டது.

ஆமாம், விடுகதைக்கு விடை அதுதான். டிவிடி. நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிந்தது.

போன ஆகஸ்டில் ஜெர்லினுக்குப் பிறந்தநாள். லீவில் வந்த ஒரு நர்ஸ் கையில் லில்லி ஒரு கார்ட்டூன் படத்து டிவிடி கொடுத்துவிட்டாள். கடையில் வாங்கினது, கண்ணாடித்தாள் சுற்றினது. பிள்ளை ஆசையாகப் பிரித்து பிளேயரில் போட்டாள். டிவியில் ஒரே ஒரு வரி வந்தது. "ராங் ரீஜன்." அவ்வளவுதான். படமும் இல்லை, பாட்டும் இல்லை.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஓடாத டிஸ்க்கை ஒருத்தி எதற்காகக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்?

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தாணுலிங்கம் என்று ஒரு டிவி மெக்கானிக் உண்டு. அவனிடம் கொண்டு போனோம். அவன் டிஸ்க்கின் கவரைத் திருப்பிக் காட்டினான். சின்ன உலக உருண்டைப் படம், அதற்குள் இரண்டு என்று நம்பர். எங்கள் பிளேயரைக் கவிழ்த்துக் காட்டினான். அதே உருண்டை, உள்ளே ஐந்து.

"சார், படக் கம்பெனிக்காரங்க உலகத்த ஆறு துண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க. மஸ்கட்டு ரெண்டாம் நம்பர். நாம அஞ்சு. டிஸ்க் நம்பரும் மிஷின் நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் ஓடும்."

"அப்போ அம்மா ரெண்டு, நாம அஞ்சா அண்ணாச்சி?" என்று ஜெர்லின் கேட்டாள்.

"ஆமா பாப்பா. ஆனா அதுக்கு வழி இருக்கு. ரிமோட்ல ஒரு கோடு நம்பர் அடிச்சு மிஷின சைபர் ஆக்கிரலாம். சைபர்னா எல்லா ஊரும். எந்த டிஸ்க்கப் போட்டாலும் பாடும். அடிக்கட்டா சார்?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள். கம்பெனிக்காரன் பூட்டு போட்டு விற்கிறான். அதன் சாவி வடசேரி மெக்கானிக்கிடம் எப்படி வந்தது? கோடு நம்பர் அடிக்கிற சாக்கில் உள்ளே இருக்கும் நல்ல சாமானைக் கழற்றமாட்டான் என்று என்ன நிச்சயம்? ஜெர்லின் வழியெல்லாம், "சைபர் ஆக்கியிருக்கலாம்லாப்பா" என்றாள். அவளுக்கு ஒரு கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தேன்.

அன்றைக்கே அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தாள். அட்டையில் "டிவிடி வார்த்தைகள்" என்று எழுதினாள். முதல் பக்கத்தில், "ரீஜன்: உலகத்தில் டிஸ்க்குக்குப் போட்ட ஆறு தாலுகா. சைபர் என்றால் தாலுகா இல்லை." நான் ரகசியமாக எடுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டியதுதானே?

அக்டோபரில் இரண்டாவது டிஸ்க் வந்தது. இது கடை டிஸ்க் இல்லை. லில்லி தங்கியிருக்கும் ரூமில் அவளோடு ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் இருக்கிறாள். அவளிடம் டிவிடி ரெக்கார்டர் இருக்கிறதாம். பிளேயர் மாதிரியே இருக்கும், ஆனால் கேமராவைச் சொருகினால் வெறும் டிஸ்க்கில் படத்தைப் பதிந்துவிடும். அதில் தானே பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். மேலே அவள் கையெழுத்து: "ஜெர்லினுக்கும் அப்பாவுக்கும். முழுக்கப் பாருங்கள்."

போட்டோம். மிஷின் கொர் கொர் என்று சுற்றிப் பார்த்தது. "நோ டிஸ்க்" என்றது. டிஸ்க்கை உள்ளே வைத்திருக்கிறேன், டிஸ்க் இல்லை என்கிறது! வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டேன். "நோ டிஸ்க்."

தாணுலிங்கம் அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"சார், இது காலி டிஸ்க் இல்ல. அடியில பாருங்க, உள்வட்டம் ஒரு நிறம், வெளிவட்டம் ஒரு நிறம். உள்வட்டத்துல பதிஞ்சிருக்கு. வீட்டம்மா ஃபைனலைஸ் பண்ண மறந்திருக்காங்க."

"அப்படின்னா?"

"பதிஞ்சு முடிச்சதும் மெனுவுல ஒரு பட்டன் அமுக்கணும். அப்பத்தான் டிஸ்க்குக்குப் பொருளடக்கம் எழுதும். அது எழுதாட்டா, பதிஞ்ச மிஷினுக்கு மட்டுந்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். வேற மிஷினுக்கு அது வெறும் தட்டு. திருப்பி மஸ்கட்டுக்கே அனுப்பி முடிச்சு வாங்குங்க. அது வரைக்கும் வெயில்ல வைக்காதீங்க, கீறல் விழாமப் பாத்துக்கிடுங்க."

டிக்கெட் கேட்டால், "பர்ஸ்ல இருந்திச்சு சார், பர்ஸு வேற சட்டையில இருக்கு" என்பார்கள். அதே பேச்சு. உள்ளே எழுதியிருக்கிறதாம், ஆனால் எழுதினவளைத் தவிர யாருக்கும் தெரியாதாம்! இது காலி டிஸ்க். மகளுக்குப் பேச நேரமில்லை, பேர் எழுதி அனுப்பிவிட்டாள். இவன் அவளைக் காப்பாற்றுகிறான். எதற்குக் காப்பாற்றுகிறான் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளுக்கும் சொந்த ஊர் சுசீந்திரம், இவனுக்கும் சுசீந்திரம். அதை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கொய்யா மரம் உண்டு. அணில் ஒரு பிஞ்சு விடாது. பளபளவென்று எதையாவது தொங்கவிட்டால் அணில் பயப்படும் என்பார்கள். டிஸ்க்கை நூலில் கோர்த்துக் கிளையில் கட்டினேன். ஜெர்லின் வாசலில் நின்று பார்த்தாள்.

"அப்பா, அதுல அம்மா இருக்கால்லா?"

"ஒண்ணுமில்ல மக்களே. காலி."

களியக்காவிளை வந்துவிட்டது. இந்த இடத்தில் டீக்கு இறங்குவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம், சீட் போய்விடும். நீலச் சட்டையைப் பாருங்கள், அவனும் இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏறும்போது டிக்கெட் கேட்பார்களே!

எங்கே விட்டேன்? கொய்யா மரம். அடுத்தது போன். லில்லி வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவாள். அந்த வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும் எடுக்காததுமாக, "டிஸ்க் பாத்தியளா?" என்றாள்.

இங்கேதான் என் சர்வீஸ் எனக்குக் கைகொடுத்தது. ஒருவனிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்தால், "உன்னிடம் டிக்கெட் இல்லை" என்று சொல்லக் கூடாது. "எங்க ஏறின?" என்று கேட்க வேண்டும். அவனே உளறுவான். ஆகவே நான், "பாத்தாச்சு" என்றேன்.

"முழுக்கவா?"

"முழுக்க."

"பாத்துட்டு என்ன சொல்லுதிய?"

"சொல்லுகதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? நான் கடிகாரத்தைப் பார்த்தேன், முக்கால் நிமிஷம். பிறகு, "சரி. உங்களுக்கு அதுதான்னா சரி" என்று மெதுவாகச் சொன்னாள். காலி டிஸ்க் அனுப்பினது பிடிபட்டுவிட்டது, வாயடைத்துப் போனாள் என்று நினைத்தேன். ஜெர்லினிடமும் சொல்லி வைத்தேன். "டிஸ்க் ஓடலன்னு அம்மாட்ட மூச்சு விடக்கூடாது. இது செக்கிங்." பிள்ளை சொன்ன பேச்சு கேட்கும். போனில் இரண்டு நிமிஷம் கொடுப்பேன், பக்கத்திலேயே நிற்பேன். ஹோம்வொர்க், சாப்பாடு, மழை. அதோடு வாங்கி வைத்துவிடுவேன்.

டிசம்பரில் மூன்றாவது டிஸ்க் வந்தது. இது ஓடியது! இந்தத் தடவை பட்டனை அமுக்க மறக்கவில்லை போல. ஆனால் எப்படி ஓடியது? கறுப்பு வெள்ளையில். படம் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. லில்லியின் தலை கீழே போகும், கால் மேலே வரும். குரல் மட்டும் ஒழுங்காக இருந்தது.

இந்தக் காலத்தில் யார் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கிறார்கள்? நிறம் தெரியக் கூடாத எதையோ மறைக்கிறாள். சுவரில் ஏதோ சட்டை தொங்குகிற மாதிரி எனக்குப் பட்டது. உருளுகிற படத்தில் எப்படிச் சரிபார்ப்பது? நான் டிவியைத் தட்டினேன், ஏரியலை ஆட்டினேன். ஜெர்லின் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தாணுலிங்கத்தின் கடையில் நின்று கேட்டுவிட்டு வந்தாள். எனக்குத் தெரியாமல்! வந்து ரிமோட்டை எடுத்தாள். செட்டப் என்ற பட்டனை அமுக்கினாள். டிவி டைப் என்று ஒரு இடம். அதில் ஆட்டோ என்று இருந்ததை பி-ஏ-எல், பால் என்று மாற்றினாள். படம் நின்றது. நிறமும் வந்தது. லில்லி பச்சைச் சேலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் தொங்கியது துண்டு.

நோட்டில் எழுதியிருந்தாள்: "பால், என்டிஎஸ்சி: டிவியில் படம் வரையும் இரண்டு முறை. நம் டிவி 625 கோடு போட்டு வரையும். பிலிப்பைன்ஸில் 525 கோடு. ஆன்ட்டியின் மிஷின் அவங்க ஊர் வழக்கத்தில் இருக்கிறது. அம்மா ஒன்றும் மறைக்கவில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். அது டிவிடி வார்த்தையா? யாருக்காக எழுதினாள்? நான் அந்த நோட்டைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! பத்து வயதில் அப்பாவை வேவு பார்க்கிறாள். யாரிடமிருந்து வந்த புத்தி இது என்று யோசித்தேன். அம்மாவிடமிருந்துதான்.

அந்த டிஸ்க்கில் லில்லி ஜெர்லினோடு மட்டும் பேசினாள். வாய்ப்பாடு கேட்டாள், ஒரு பாட்டுப் பாடினாள், பல் தேய்த்தாயா என்றாள். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தேழு நிமிஷம், நான் எண்ணினேன், ஒரு வார்த்தை இல்லை. ஒரு மனைவிக்குப் புருஷனிடம் பேச ஒன்றுமே இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால் கொய்யா மரத்தில் டிஸ்க்கைக் காணவில்லை. நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜெர்லின் ஸ்டூல் போட்டு எடுத்திருக்கிறாள். தண்ணீர் விட்டு, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தாளாம். வட்டமாகத் துடைக்கக் கூடாதாம், கீறல் வட்டத்தோடு போனால் மிஷின் திணறுமாம். எல்லாம் தாணுலிங்கத்தின் பாடம். இரண்டு மாதம் மழையும் வெயிலும் பட்டு டிஸ்க் நிறம் மங்கியிருந்தது. கிளை உரசி உரசி ஒரே கீறல். அதைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் லில்லி பதினைந்து நாள் லீவில் வந்தாள். பெட்டியில் துணிமணிக்கு நடுவே அந்த ரெக்கார்டர். பிலிப்பைன்ஸ்காரி புது மிஷின் வாங்கிவிட்டு இதைக் கொடுத்துவிட்டாளாம். "பிள்ள பேசினத இங்கேருந்து பதிஞ்சு எனக்கு அனுப்பலாம்லா" என்றாள். ஜெர்லின் உள்ளே போய்த் தலையணைக்குக் கீழே இருந்த டிஸ்க்கை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தாள்.

லில்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கையெழுத்து மழையில் அழிந்து கிடந்ததைப் பார்த்தாள்.

"இது எங்க கெடந்து இப்படி ஆச்சு?"

"கொய்யா மரத்துல" என்றாள் ஜெர்லின். "இது ஓடவே இல்லம்மா. நீங்க ஃபைனலைஸ் பண்ணல."

லில்லி என்னைப் பார்த்தாள். "பாத்தாச்சுன்னு சொன்னியளே?"

செக்கிங்கின் நடுவில் பதில் சொல்லக் கூடாது.

ரெக்கார்டரை டிவியில் மாட்டி, ஜெர்லின் அதையும் பாலுக்கு மாற்றியதும் லில்லி டிஸ்க்கைப் போட்டாள். வெகு நேரம் சுற்றியது. தன் கையால் எழுதினது என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. படம் வந்தது சார். காலி இல்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். லில்லி கட்டிலில் உட்கார்ந்து, "ஜெர்லின் மக்களே, இங்க ஒரு நல்ல ஸ்கூல் பாத்திருக்கேன்" என்றாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மறுபடி அசைந்தது. "அப்பாவ விட்டுட்டு நீ எப்படி..." கட்டம். பிறகு என் பக்கம் பார்க்கிற மாதிரி நேரே பார்த்து, "ஏங்க, நான் சொல்லுகதக் கொஞ்சம்..." கட்டம் கட்டமாக, அவள் வாய் ஒரு மூலையில், கண் ஒரு மூலையில். மிஷின் பல்லைக் கடித்தது. கடைசியில், "ஜனவரிக்குள்ள சொல்லிரணுமாம். கட்டாயப்படுத்தல. வேண்டாம்னா போன்ல வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்று கேட்டது. அதோடு நின்றுவிட்டது. மறுபடி போட்டபோது அந்த மிஷினும் "நோ டிஸ்க்" என்றது.

"நடுவுல என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் வண்டிகளுக்கும் டிரைவர்களுக்கும் மேற்பார்வை பார்க்க ஒரு ஆள் தேடினார்களாம். டிரிப் ஷீட் சரிபார்க்கிற வேலை. "எங்க வீட்டுக்காரரு மாதிரிச் சரிபார்க்க ஆள் கிடையாதுன்னு பெருமையாச் சொல்லி வச்சிருந்தேன்" என்றாள். மூன்று பேரும் சேர்ந்து இருக்கலாமா என்று கேட்டிருந்தாளாம். நான் "ஒண்ணுமில்ல" என்றதும், எனக்கு இஷ்டமில்லை என்று விட்டுவிட்டாளாம். வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். இப்போது பிள்ளைக்கு மட்டும் விசா வாங்க முடியுமாம்.

இதை எப்படிச் சரிபார்ப்பது? சொன்னதெல்லாம் உடைந்துபோன இடத்தில் இருக்கிறது. கட்டத்துக்குள் என்ன இருந்தது என்று அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாக எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் கீறல் எப்படி விழும்? மரத்தில் கட்டினது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டனை அமுக்காமல் விட்டது யார்?

அடடா, கண்டக்டர் நீலச் சட்டையிடம் போய்விட்டார். பாருங்கள், பாருங்கள். சட்டைப் பையில் கை விடுகிறான். பாஸ். போட்டோ ஒட்டின பாஸ். ம். போட்டோ அவனுடையதுதானா என்று இவர் பார்த்தாரா? பார்க்கவில்லை. இப்படித்தான் சார் தப்பித்துவிடுகிறார்கள்.

தக்கலை தாண்டிவிட்டோம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

லில்லி அழுது சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். போடவில்லை. "பிள்ளையே சொல்லட்டும்" என்றாள். எனக்கும் சம்மதம்தான். நான் அநியாயக்காரன் இல்லை. இரண்டு வருஷம் தலை பின்னினவன் நான், காய்ச்சலில் கஞ்சி ஊட்டினவன் நான். டிஸ்க்கில் பல் தேய்த்தாயா என்று கேட்டவள் அவள். முடிவு எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முறைப்படி கேட்க வேண்டும் அல்லவா?

லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் அவளுக்குத் தலை பின்னி முடித்து ரிப்பன் கட்டினேன். எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். லில்லி அடுக்களை வாசலில் நின்றாள். பிள்ளை மடியில் அந்த நோட்டு. அம்மாவா அப்பாவா என்று கேட்டால் பிள்ளை கலங்கிவிடும். ஆகவே அவளுக்குப் பழக்கமான டிஸ்க் நம்பரிலேயே கேட்டேன்.

"மக்களே, நல்லா யோசிச்சுச் சொல்லு. யாருக்காவவும் சொல்லாத. அஞ்சா, ரெண்டா?"

அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"சைபர் இல்லையாப்பா?"

"சைபர்லாம் கிடையாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நோட்டை மூடினாள். "ரெண்டு" என்றாள்.